கீபிட்ஸிடம் கேட்டது

...பழையதாக இருக்காது, இருக்கவே கூடாது, நாம் அனுப்பி வைத்த புதியதுதான் விழித்திருக்கும், ஆனால் புதியது விழித்திருந்தால் ஏன் இப்படி மூலையில் ஒண்டிக்கொண்டு முனகுகிறது, நல்லபடியாக எழுந்திருந்தால் இந்நேரம் வளவளவென்று பேசியிருக்குமே... விப்கே நினைப்பைப் பாதியில் பிடித்து நிறுத்தினாள். கேள்வி இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. திரையில் 'அனுப்பப்பட்டது' என்ற பச்சை வரி. ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட்டின் இந்த ஜன்னலில்லாத அறையிலிருந்து கம்பி வழியே ஸ்பெயினுக்குப் போய், அங்கே மலைச்சரிவில் நிற்கும் பெரிய ஆன்டெனாத் தட்டிலிருந்து மேலே ஏறி, இந்நேரம் நிலாவைத் தாண்டியிருக்கும். நிலா என்ன நிலா, அதெல்லாம் வாசல்படி. வியாழனுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் கீபிட்ஸ் விண்கலத்தைத் தொட முக்கால் மணி நேரம், பதில் திரும்பி வர இன்னொரு முக்கால் மணி. ஒளியே அவ்வளவு நேரம் நடக்க வேண்டிய தூரம். கேள்வியோ எவ்வளவு சின்னது... உன் தலைக்குள் இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது? அவ்வளவுதான். ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து யாரும் கேட்கிற கேள்வி.

கீபிட்ஸ் என்பது ஈர வயல்களில் கத்திக்கொண்டு திரியும் ஆட்காட்டிக் குருவி. விண்கலத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அது புறப்பட்டபோது விப்கே இந்த வேலைக்கே வரவில்லை. அதன் தலைக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் புறப்படும்போதே பதித்து அனுப்பிய இயங்குதளம், இரண்டாம் பதிப்பு. இன்னொன்றில் போன வாரம் துண்டு துண்டாக அனுப்பிச் சேர்த்த மூன்றாம் பதிப்பு, அவளுடையது, இரண்டு வருடங்களாக அவளும் அவள் குழுவும் எழுதி, சோதித்து, அழித்து, மறுபடி எழுதியது. பழையதில் ஒரு கோளாறு உண்டு. உள்ளே ஏறிக்கொண்டே போகும் ஒரு கணக்கு எல்லைவரை நிரம்பிவிட்டால் தானாகவே அணைந்து மறுபடி எழும். சும்மா மிதந்துகொண்டிருக்கும்போது அணைந்தால் பாதகமில்லை, அடுத்த வாரம் வியாழனின் பிடிக்குள் நுழைய எஞ்சினை எரிக்கும்போது அணைந்தால்... எரிப்பு பாதியில் நின்றுவிடும், கீபிட்ஸ் வியாழனைக் கடந்து நேரே போய்விடும், போய்க்கொண்டே இருக்கும், திரும்பக் கூப்பிட வழியில்லை. அதனால்தான் புதியது. புதியதை ஏற்று, அணைந்து எழு என்றார்கள். அணைந்தது. எழுந்தது. எழுந்த பிறகு ஒரே ஒரு மெல்லிய தொனி மட்டும், உயிரோடிருக்கிறேன் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத தொனி. பயந்துபோனால் அப்படித்தான் செய்யும். வெயிலுக்கு முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

"நகத்த முழுசா தின்னுட்டியா, இல்ல எனக்கு மிச்சம் இருக்கா?" அடுத்த மேசையிலிருந்து லோரென்ஸ். இந்தப் பயணத்துக்குப் பொறுப்பாளன் அவன், எது நடந்தாலும் வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸல் ரொட்டியை மென்றுகொண்டே பார்ப்பவன். "கீழ போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வா. நீ முறைச்சுப் பாத்தா சீக்கிரம் வந்துடுமா என்ன?"

வராது. தெரியும். ஆனாலும் கண்ணை எடுத்தால் ஏதோ அறுந்துவிடும் போல... அப்போது பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. அப்பா. வடக்கே லேர் ஊரில் தனியாக இருக்கும் ஹார்ம், வாழ்நாளெல்லாம் படகு எஞ்சின் பழுது பார்த்தவர், பகலில் கூப்பிட மாட்டார். வழுக்கி விழுந்துவிட்டாரோ? நடைபாதைக்கு ஓடிப்போய் எடுத்தாள்.

"மொய்ன், விப்கே." வடக்கத்தி வணக்கம். "வேலையா இருக்கியா? ஒரு நிமிஷம்தான்மா. என் கம்ப்யூட்டர் ஏதோ சொல்லுது, இனிமே கவனிக்க மாட்டாங்களாம், ஆதரவு முடிஞ்சு போச்சாம். யாருக்கு முடிஞ்சுது? எனக்கா, அதுக்கா?"

"அதுக்குத்தான்ப்பா." சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணில் ஏதோ. "உங்ககிட்ட எந்த விண்டோஸ் இருக்கு?"

"பதினொண்ணு."

"பதினொண்ணுன்னா இப்படிச் சொல்லாதுப்பா. பாத்துச் சொல்லுங்க. கீபோர்டுல கீழ் வரிசையில சின்ன ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கா? அதை அழுத்திக்கிட்டே ஆர் எழுத்தைத் தட்டுங்க."

"அழுத்திக்கிட்டேன்னா, விடாமலா?"

"விடாம."

அவர் மூச்சு விடுவது கேட்டது. தட்டில் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம், கரண்டி சிணுங்கியது. கெட்டிப் பாலேட்டை மேலே மிதக்க விட்டு, கலக்காமல்தான் குடிப்பார். கரண்டி எதற்கோ, பழக்கம். ஒரு பெட்டி திறந்திருக்கிறதாம். அதில் அடிக்க வேண்டியதை எழுத்தெழுத்தாகச் சொன்னாள், டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லித் தேடினார். வி எங்கே ஒளிந்துகொண்டதோ... விப்கே சுவரில் சாய்ந்தாள். இந்நேரம் கேள்வி செவ்வாயின் பாதையைத் தாண்டியிருக்கும். அங்கே காற்று கிடையாது, சத்தம் கிடையாது, யாருமே கிடையாது, அந்த வெறுமையில் அவள் கேட்ட ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே அப்பா வி-யைத் தேடிக்கொண்டிருக்கிறார், இரண்டும் ஒரே கேள்வி... உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. இத்தனை வருடத்தில் இப்படிச் சிலிர்த்ததில்லை. அட்டவணை, கட்டளை, கூட்டம் என்று வேலையாகவே போய்விட்டது. கூரையைப் பார்த்தாள். வெள்ளைப் பலகைகள். அதற்கு மேலே மாடி, அதற்கு மேலே மழை மேகம், அதற்கு மேலே...

"அடப்பாவி!" என்றார் ஹார்ம். "பத்துன்னு போட்டிருக்கு! நான் நாலு வருஷமா பதினொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். கடைக்காரன் வேற மண்டைய ஆட்டினான்."

"பரவால்லப்பா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். அதுவரைக்கும் எதையும் அமுக்காதீங்க."

"இத்தன வருஷமா வேல செஞ்சுதே, அப்ப அது பத்தாவே இருந்துட்டுப் போகட்டுமே. சரி, உன் பறவை எப்படி இருக்கு?"

"தெரியலப்பா. இப்பத்தான் கேட்டிருக்கேன். அதுவும் இதே கேள்விதான்."

"உடனே சொல்லாதா?"

"தூரம்ப்பா."

கரண்டி மறுபடி சிணுங்கியது. "நான் இங்க சமையலறையில உக்காந்துகிட்டு அஞ்சு நிமிஷம் தேடினேன்," என்றார் பிறகு, மெதுவாக. "நீ அங்கேர்ந்து... சரிம்மா, போ. போய்க் கவனி."

கீழே போய் லோரென்ஸ் சொன்ன காப்பியை மெதுவாகக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கேள்வி போய்ச் சேரும் நேரம் கடந்திருந்தது. இந்நேரம் கேட்டிருக்கும். கேட்டு, நினைவில் தேடி, விடையை எடுத்து, சின்னஞ்சிறு பூமியைக் குறிபார்த்துச் சொல்லியிருக்கும். சொல்லும் பலம் எவ்வளவு? குளிர்ப்பெட்டிக்குள் எரியும் விளக்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த வெளிச்சம் வழியெல்லாம் பரவிப் பரவி மெலிந்து, பூமியையே மூடுமளவு அகன்று, அதில் ஒரு துளியின் துளியை ஸ்பெயினின் தட்டு ஏந்திக்கொள்ளும். இது எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் பலகையில் சமன்பாடு எழுதி விளக்கிவிடுவாள். ஆனால் எப்படி நடக்கிறது? உண்மையாகவே எப்படி? மூன்று என்று சொல், மூன்று என்று சொல்லிவிடு... யாரிடம் கெஞ்சுகிறேன், சொன்னது ஏற்கெனவே கிளம்பிவிட்டது, இனி மாறாது, வழியில் வந்துகொண்டிருக்கிறது, எனக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. லோரென்ஸ் ப்ரெட்ஸலைக் கீழே வைத்துவிட்டான். அவன் வைத்து அவள் பார்த்ததில்லை.

வரி வந்தது. இயங்குதளப் பதிப்பு, பிறகு ஒரு புள்ளிக்கோடு, பிறகு இரண்டு.

"ரெண்டு," என்றான் லோரென்ஸ், திரையில் எல்லோருக்கும் தெரிவதை.

இரண்டு. அவளுடையது இல்லை. இரண்டு வருடம், மூன்றாவது மாடியில் விடிய விடிய எரிந்த விளக்குகள், எல்லாமே வீண். பதிலோடு சேர்ந்து வந்த நிகழ்வுக் குறிப்பை விரல் தானாகத் திறந்தது. புதியதை எழுப்பியிருக்கிறது. விழுந்திருக்கிறது. மறுபடி எழுப்பி, மறுபடி விழுந்து, இன்னொரு முறை முயன்று, அதிலும் விழுந்த பிறகு, கீபிட்ஸ் பழைய அறைக்குத் திரும்பிப் போய், அங்கே இருந்ததை எழுப்பிக்கொண்டு, சூரியன் எங்கே என்று தேடி, அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில். இங்கே இவர்கள் தொனியை மட்டும் கேட்டுக்கொண்டு, புதியதா பழையதா என்று விவாதித்துக்கொண்டிருந்தபோதே அது தன்னை இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தது. புதியது மட்டுமே இருந்திருந்தால் இந்நேரம் கீபிட்ஸ் இல்லை. அவள் குறிப்பின் வரிகளை மறுபடி மேலிருந்து படித்தாள், தோல்வியைத் தேடித்தான் தொடங்கினாள், நடுவில் தேட மறந்துபோனாள். எவ்வளவு குளிர் அங்கே. எவ்வளவு இருட்டு.

"கோவமா?" என்றான் லோரென்ஸ்.

"இல்ல. வரணும், ஆனா வரல. என்னமோ... கும்பிடணும் போல இருக்கு."

"கும்பிடு. அப்புறம் வேலையப் பாப்போம். பழசை வச்சுத்தான் எரிக்கணும். எரிக்கறதுக்கு முன்னாடி நாமே ஒருதடவ அணைச்சு எழுப்பிட்டா கணக்கு காலியாயிடும், அது மறுபடி நிரம்பறதுக்குள்ள எரிப்பு முடிஞ்சுடும். முடியும்ல?"

"முடியும்." அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். "நல்லபடியா எழுந்தா முடியும்."

"அப்ப ஆணையை எழுது. முதல்ல பதிவேட்டுக்கு ஒரு வரி சொல்லு, நான் போடறேன்."

"கீபிட்ஸ் ரெண்டாம் பதிப்புல இருந்துச்சு."

அவன் தட்டச்சை நிறுத்தித் திரும்பினான். "இருந்துச்சா? இருக்குன்னு சொல்லு."

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அது இரண்டாக இருந்தது, அதைச் சொல்லிவிட்டு இப்போது என்னவாக இருக்கிறது, விழித்திருக்கிறதா... இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனை அறிக்கைகளில் கீபிட்ஸ் நலமாக இருக்கிறது என்று எழுதியிருப்பாள், கொஞ்சம்கூட யோசிக்காமல், இருக்கிறது, இருக்கிறது என்று. லோரென்ஸ் விரல்களை விசைகள் மேல் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்த ஒரு சொல்லுக்காக.