அண்ணி விடச் சொன்ன பீலா

ஜனக்புரியில் அந்தத் தெருவுக்கு மாலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஐந்தே முக்காலுக்கு நின்றுவிடும். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் யார் வந்து கதவைத் தட்டினாலும் பிலோமி குளியலறையை விட்டு வெளியே வரமாட்டாள். வாளி, குடம், டிரம் எல்லாம் நிரப்ப வேண்டும். சீருடையைத் துவைக்க வேண்டும். கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வரவேண்டும். மே மாத டில்லியில் அந்தக் குளியலை விட்டுக்கொடுக்கிறவள் மனுஷியே இல்லை.

2005இல் ஒரு மே மாத ஞாயிறு. ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் மரியா.

மரியா, பிலோமியின் கணவன் ஜெரால்டுக்குத் தங்கை. பெரம்பூர்ப் பெண். பி.எஸ்சி. இயற்பியல். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். படிக்கிற வரைக்கும் "எங்க வீட்டு பட்டதாரி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள், படித்து முடித்த மறுமாதமே "இன்னுமா வேலை கிடைக்கல?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி பொறுக்காமல்தான் டில்லியில் அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள். வந்த இரண்டாவது மாதமே அண்ணன் சொகுசுக் கப்பலில் அறைப் பணியாளாகக் கிளம்பிவிட்டான். மிஞ்சியது அவளும் அண்ணியும்.

அண்ணியை அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் பத்து சொல்வாள். பத்தாவதோடு நின்றவள். டில்லியில் பிறந்தவள், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேசுவதும் பாதி தூத்துக்குடி, பாதி இந்தி. சாணக்யபுரியில் ஒரு மாநில அரசின் விருந்தினர் மாளிகையில் எட்டு வருஷமாக அறை கூட்டிப் பெருக்குகிற வேலை. அந்த வேலையைப் பற்றி ஒரு நாளாவது சலித்துக்கொள்வாளா என்றால் அதுவும் இல்லை. மரியாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

"ண்ணா? எந்த ஊர்ல இருக்க?"

"ஊர் பேரெல்லாம் வாயில நுழையாதுடி. கப்பல் கரைல நிக்குது, செல்லுல பேசறேன். பிலோமியக் கூப்புடு, சீக்கிரம்." ஜெரால்டு கிசுகிசுத்தான்.

"தண்ணி டைம்."

எதிர்முனையில் ஒரு முனகல். தண்ணி டைம் என்றால் என்னவென்று அந்த வீட்டில் குடியிருந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அப்ப நீ கேளு. நீதான் படிச்சவளாச்சே. என் வேலை போகப்போவுது."

அவன் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். அவன் பார்க்கும் அறைகளில் ஒன்றில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. மனைவிக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி. கண்ணும் மங்கல். அதனால் கிழவர் ஒவ்வொரு துறைமுகத்திலும் தனியாக இறங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் வீடியோ கேமராவில் பிடித்துவருகிறார். கேமராவின் திரை தீப்பெட்டி அளவு. அந்தம்மாவால் பார்க்க முடியவில்லை. அறை டி.வி.யில் போட்டுக் காட்ட முடியுமா என்று காலையில் கிழவர் கேட்டிருக்கிறார். பயணிகள் சொந்தச் சாமான் எதையும் டி.வி.யில் மாட்டக்கூடாது என்பது கப்பல் சட்டம். டி.வி.யைப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். ஜெரால்டு முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் வாயில் அந்த வார்த்தை எந்தக் காலத்தில் வந்தது? சரி என்றுவிட்டான். கிழவர் கேமராவையும் வயரையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கக் கரைக்குப் போய்விட்டார்.

இவன் டி.வி.க்கு முன்னால் இருந்த மூடியைத் திறந்து மூன்று வயரையும் செருகினான். ஒன்றும் வரவில்லை. கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கினான். கேமராப் படமும் வரவில்லை, கப்பல் சேனலும் போய்விட்டது. நீலத் திரையில் ஒரு பூட்டுப் படம்.

"ரெண்டு மணிக்கு சூப்பர்வைசர் ரூம் பாக்க வருவான். இங்க இப்ப ஒன்னே முக்கால். எனக்கு மூணு மாசம் ட்ரையல்டி. சட்டத்த மீறி டி.வி.ய கெடுத்தேன்னு தெரிஞ்சா அடுத்த துறைமுகத்துல எறக்கி வுட்ருவான்."

"அந்தம்மா எங்க?"

"இங்கதான் உக்காந்துனு கீது. பாவம், நாள் பூரா அதுக்குத் துணையே இந்த டி.வி.தான். என்னாச்சுன்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. சேட்டலைட் சரியில்லன்னு சொல்லிடவா?"

மரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவள் பாடம். "இரு, பதறாத. அது பால் சிஸ்டமா, என்டிஎஸ்சியா பாரு."

"பாலா? பால் எங்கடி வந்துச்சு இதுல?"

"வீடியோ சிக்னல்ண்ணா. ஒரு செகண்டுக்கு இத்தினி ஃப்ரேம்னு ரெண்டு வகை..."

"ஏ, டீச்சர் மாரி பேசாத! எந்த வயர எங்க சொருவணும்? அத்த சொல்லு."

சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் தொலைக்காட்சி ஒரு முழுப் பாடம். எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஒரு டி.வி.யின் பின்பக்கத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் மட்டுமா? பாடம் நடத்தியவரும் கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறி போட்டதோடு சரி.

வேறு வழியில்லாமல் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினாள். உள்ளே குழாய் டிரம்மில் கொட்டுகிற சத்தம். கத்திக் கத்தித்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"முன்னாடியா சொருவுனாரு? ஹே ஆண்டவரே!" உள்ளிருந்து பிலோமியும் கத்தினாள். "முன்னாடி சொருவுனா வராதுட்டி! பீலா விடச் சொல்லு!"

"என்னது?"

"பீலா! பீலா விடச் சொல்லு, ஜல்தி! மத்தது பொறவு பாத்துக்கிடலாம்!"

மரியாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பீலா என்றால் ஒரே அர்த்தம்தான். பொய்யை அளந்துவிடுகிறவனைப் பார்த்து "பீலா விடாதே" என்பார்கள். நடக்க முடியாத ஒரு கிழவியிடம் சேட்டலைட் கோளாறு என்று புளுகச் சொல்கிறாள், இந்த அண்ணி! மெத்தையைத் தட்டிப்போட்டுப் பல்லிளிக்கிற வேலையில் இதைத்தான் கற்றுக்கொண்டாள் போல.

ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தாள். "ண்ணா, அண்ணி உன்ன பொய் சொல்லச் சொல்றாங்க. சொல்லாத. நீ கெடுத்தத நீயே ஒத்துக்க. உண்மைய சொல்லிடு அந்தம்மாகிட்ட!"

"உண்மையவா?" என்றான் ஜெரால்டு. அதோடு இணைப்பு அறுந்தது.

இங்கிருந்து கூப்பிட வழியில்லை. வெளிநாட்டுக்குப் பேசும் வசதி அந்தத் தொலைபேசிக்குக் கிடையாது.

கதவு திறந்தது. ஐந்து இருபதுக்கே திறந்தது. நைட்டி பாதி நனைந்திருக்க, தலையில் சோப்பு நுரையோடு பிலோமி வந்து நின்றாள். குழாய் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட ஓட அவள் வெளியே வந்து மரியா அன்றுதான் பார்த்தாள்.

"மாட்டிட்டாராமா? படம் வந்துட்டா?"

"என்ன மாட்டணும்? நீங்கதான் பீலா விடச் சொன்னீங்களே. வாயில்லாப் பூச்சிகிட்ட போய் பொய் சொல்லச் சொல்றீங்க, அசிங்கமா இல்ல? நான் சொல்லல. உண்மைய சொல்லச் சொல்லிட்டேன்."

பிலோமி அவளையே பார்த்தாள். நுரை புருவத்தில் வழிந்தது.

"அரே ஏட்டி, பீலான்னா மஞ்சட்டி! மஞ்ச வயரு! அந்த மூணு வயர்ல பீலா, சஃபேத், லால். மஞ்ச, வெள்ள, செவப்பு. பீலாலதான் படம் வரும். அத விடச் சொன்னேன். உள்ள விடச் சொன்னேன்!"

  கடைக்காரன் எலுமிச்சையைக் காட்டிப் பீலா என்று சொன்னதெல்லாம் மரியாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு மாதமாக டில்லியில் இருக்கிறாள். இந்தியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்ற வீம்பு வேறு.

"உங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்?"

சொன்னாள். பிலோமி சிரிக்கப் போகிறாள் அல்லது அறையப் போகிறாள் என்று மரியா நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. பிலோமி தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஜெபம் என்றுதான் மரியா நினைத்தாள். இல்லை. "தனியா பெட்டி இருந்தா டி.வி.க்குப் பின்னால பீலா. பெட்டி இல்லன்னா..." என்று முனகிக்கொண்டிருந்தாள். பார்க்காத கப்பலின் பார்க்காத அறையில் ஒரு டி.வி.யை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நிமிடம் கழித்து மணி அடித்தது.

"சுனோ," என்றாள் பிலோமி. கணவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "என்ன ஆச்சு?"

மரியா காதை ஒட்டவைத்துக்கொண்டாள். ஜெரால்டின் குரலில் இப்போது கிசுகிசுப்பு இல்லை. "உண்மைய சொல்லிட்டேன் பிலோமி. நான்தான் கெடுத்தேன்னு. அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? சூப்பர்வைசருக்கு போன் போட்டு, நான் தூங்கப்போறேன், மூணு மணிக்கு முன்னாடி யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. கதவுல அட்டையும் மாட்டச் சொல்லிடுச்சு. ஒரு மணி நேரம் கீது. என்ன பண்ணட்டும்?"

பிலோமி நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். 

"அச்சா. மொதல்ல முன்னாடி இருக்கறத எல்லாம் உருவுங்க. டி.வி.ய செவுத்து சுவிட்ச்சுல அணைங்க. ரிமோட்ல இல்ல, செவுத்துல. அணைச்சுட்டு ரெண்டு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. மெதுவா சொல்லணும், கோயில்ல சொல்லுத மாதிரி. பொறவு போடுங்க."

"எதுக்கு?"

"பூட்டி வச்ச டி.வி.க்கு எந்திரிச்சா எந்த இடத்துல நிக்கணும்னு சொல்லி வச்சிருப்பாங்க. நீங்க அமுக்குனதெல்லாம் மறந்துட்டு அங்கேயே வந்து நிக்கும்."

கடலுக்கு அந்தப் பக்கம் ஜெரால்டு ஜெபம் சொல்வது கேட்டது. இரண்டாவது ஆமென். பிறகு, "வந்துடுச்சு! கப்பல் சேனல் வந்துடுச்சு!"

"சந்தோசப்படாதீங்க, வேலை முடியல. டி.வி.க்கு அடியில கப்பல் சேனல் வார சின்னப் பெட்டி தனியா இருக்கா? அச்சா. அதுல இருந்து டி.வி.க்குப் பின்னால மூணு வயரு போவும். கண்ணால பாக்க முடியாது, கைய விட்டுத் தடவுங்க. செவுத்தப் பாத்த பக்கம், ஓரமா. மேல இருக்கறது பீலாவாத்தான் இருக்கும், லேசா முன்னுக்கு இழுத்து வச்சுப் பாத்துக்கிடுங்க. பெட்டியோட பீலாவ எடுங்க. அதே ஓட்டையில கேமராவோட பீலாவ விடுங்க. லாலும் சஃபேதும் அப்படியே."

"பட்டன் அமுக்க வேணாமா?"

"ஒண்ணையும் தொடாதீங்க. டி.வி. நம்ம பெட்டிதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். அது நெனச்சிக்கிடட்டும்."

மரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பூட்டை உடைக்கவில்லை. பூட்டின் பக்கமே போகவில்லை. டி.வி. எந்த வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறதோ, அதே வாசல் வழியாக வேறு ஆளை அனுப்புகிறாள். இதைச் சொல்ல எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்கியவளுக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளோ அறை கூட்டுகிறவள்.

தொலைபேசியில் திடீரென்று மணியோசை கேட்டது. ஏதோ ஊர்க் கோயில் மணி. நடுவில் ஒரு கிழவரின் இருமல். அதற்குமேல் ஒரு பெண்குரல், சின்னப்பிள்ளை மாதிரி, என்னமோ கூவியது.

"பாக்குது பிலோமி," என்றான் ஜெரால்டு.  "கிட்டப் போய் மூக்கு ஒட்டிப் பாக்குது."

"லாலும் சஃபேதும் மாத்திட்டீங்கல்ல? அச்சா. அவுங்க பாத்து முடிச்சதும் பழையபடி பெட்டி வயர மாட்டிடுங்க. மறந்துடாதீங்க, மறந்தீங்க, சூப்பர்வைசர் ஒங்கள மறக்க மாட்டான்." வைத்துவிட்டு எழுந்தாள். குளியலறைக்குள் ஓடினாள்.

குழாய் நின்றுபோயிருந்தது. டிரம் மட்டும் நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். தலையில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.

மரியா டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு அண்ணியின் தலையில் ஊற்றினாள். கேட்டுக்கொண்டு செய்யவில்லை, பிலோமியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"யார் சொல்லிக் குடுத்தாங்க அண்ணி?"

"யாரு சொல்லிக் குடுப்பா? கெஸ்ட் ஹவுஸ்ல வாரவங்க என்னெல்லாமோ கொண்டு வருவாங்க. சிடி பிளேயரு, கேமரா, பிள்ளைங்க வெளையாடுற கேம் பெட்டி. அங்கயும் டி.வி.ய பூட்டித்தான் வச்சிருக்கு. ரிசப்ஷன்ல சொன்னா, முடியாதும்பான். நான் தெனமும் டி.வி.க்குப் பின்னால தூசி தட்டுதேன்ல? தட்டும்போது பாப்பேன். எது எங்க போவுதுன்னு." கண்ணில் வழிந்த சோப்பைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

"தந்தாங்க அண்ணி. போர்டுக்கு முன்னாடி உக்கார வெச்சு சொல்லித் தந்தாங்க."

அந்த மாளிகையில் எட்டு வருஷமாக எத்தனை அதிகாரிகள், எத்தனை பொறியாளர்கள் தங்கிப் போயிருப்பார்கள்! அவர்களில் ஒருவனுக்காவது, நம் பிள்ளை விளையாட டி.வி.யை மாட்டிக்கொடுத்தது துடைப்பத்தோடு நின்ற இந்தப் பெண்தான் என்று உறைத்திருக்குமா? மரியாவுக்குக் கோபம் வந்தது. அதில் பாதி தன்மேலேயே.

ஏழு மணிக்கு மறுபடி தொலைபேசி அடித்தது. ஈரத் தலையில் துண்டோடு பிலோமியே எடுத்தாள். கிழவர் வந்துவிட்டாராம். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டாம் தரம் பார்த்தார்களாம். பெட்டி வயரைப் பழையபடி மாட்டிய பிறகு சூப்பர்வைசர் வந்தானாம், டி.வி.யைப் போட்டுப் பார்த்தானாம், சரி என்று எழுதிக்கொண்டு போனானாம். அதற்குப் பிறகு அந்தம்மா, எந்த எஞ்சினியரிடம் கேட்டாய் என்று விசாரித்து, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, தன் டைரியில் எழுதிவைத்துக்கொண்டதாம்.

"எஞ்சினியரா?" பிலோமி வெட்கத்தில் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் மரியாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, அன்றைக்குக் கற்றுக்கொண்ட சொல்லை எடுத்துவிட்டாள். "சுனோ, பீலா விடாதீங்க!"

எதிர்முனையில் ஜெரால்டு பதறினான். "இன்னும் எந்த வயரு பிலோமி?"