‘செவக்காட்டு மின்னல்’ நல்ல படம்தான்

சனிக்கிழமையானால் டாக்டரம்மா மதியம் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் அண்ணா நகரில் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. மிச்சமிருக்கும் ரிப்போர்ட்டுகளை டைப் அடித்து கவரில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒருத்தி போதும். ஆனாலும் மூன்று பெண்களும் இருப்பார்கள். டைப் அடிக்கிற பாண்டீஸ்வரி, முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற முபீனா, சூப்பர்வைசர் என்ற பெயரில் இருவரையும் மேய்க்கிற அனந்தலக்ஷ்மி. மூன்று டிபன் பாக்ஸையும் திறந்து நடுவில் வைத்துவிட்டால், மதுரையில் உள்ள அத்தனை பேர் வீட்டு வழக்கும் அங்கேதான் தீர்ப்பாகும்.

அன்றைக்கு முபீனா ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். ஆளாளுக்குத் தான் பார்த்ததிலேயே ஆக மட்டமான படம் எது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பேரை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. யாரோடு போனாய், ஏன் பாதியில் எழுந்து வரவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அனந்தலக்ஷ்மிதான் முதலில் ஒப்புக்கொண்டாள். நிச்சயமான பிறகு மாப்பிள்ளையோடு போன பாம்புப் படமாம். அந்தப் பாம்பு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமாம்.

"ஏன் மேடம் எந்திரிச்சு வரல?"

"அவர் தூங்கிட்டார்டி. எழுப்பினா கோவக்காரரா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். முப்பத்திரண்டு வருஷமா இன்னும் எழுப்பல."

முபீனாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம். நான் சொல்றேன் பாருங்க. செவக்காட்டு மின்னல்னு ஒரு படம், நான் காலேஜ் படிக்கையில வந்துச்சு. நானும் பிரெண்ட்ஸ் நாலு பேரும் போனோம். தியேட்டர்ல எங்களச் சேத்து ஒம்போது பேரு."

பாண்டீஸ்வரியின் கையில் இருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அந்தப் படத்தை எடுத்தது அவள் புருஷன் மலைச்சாமி. இது இந்த ஆபீசில் யாருக்கும் தெரியாது. படத்துக்காக அவன் வைகை மலையன் என்று ஒரு பேர் வைத்துக்கொண்டிருந்தான். அதனால் அவள் தப்பித்தாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், சினிமா சம்பந்தமா மெட்ராஸ்ல ஏதோ செய்யறாரு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். ஐந்து வருஷமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

முபீனா விடவில்லை. "ஈரோவுக்குக் குத்து விழுந்துருது. உடனே செத்தானா? பதினோரு நிமிசம் வசனம் பேசுறான்க்கா. ரத்தம் போகப் போக அவனுக்குத் தெம்பு கூடுது. அதகூட விடுங்க, ஒரு ஆடு வரும். அந்த ஆட்டுக் கண்ணுக்குள்ள கேமரா போகுது. எதுக்குன்னு கேளுங்க. ஆட்டுக்கு பிளாஷ்பேக்! ஆடு பழசை நெனச்சுப் பாக்குதாம்!"

அனந்தலக்ஷ்மி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அந்த டைரக்டர் இப்ப எங்க இருக்கானோ," என்றாள் முபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவன் பொண்டாட்டிய நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

பாண்டீஸ்வரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எழுந்து போயிருக்கலாம், கை கழுவுகிற சாக்கில் பாத்ரூமில் போய் அழுதிருக்கலாம். ஆனால் வந்தது சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து, ஒன்பது வருஷமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. சோற்றைக் கீழே வைத்துவிட்டு மூச்சுத் திணறச் சிரித்தாள்.

"நானும் பாத்திருக்கேன்," என்றாள். "எழவு வீட்டு சீனு ஞாபகம் இருக்கா? ஒப்பாரி வைக்கிற பொம்பளைகள்ல ஒரு கெழவி மட்டும் கேமராவையே பாத்துச் சிரிக்கும்."

"ஆமாக்கா! பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு!"

அந்தக் கிழவி மலைச்சாமியின் ஆத்தா ஒச்சாயி. மகன் எடுக்கிற படத்தில் வெள்ளைச் சேலை கட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துப் பட்டில் வந்து உட்கார்ந்த மகராசி. போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. கடைசிவரைக்கும் மருமகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

"யாரோட போனீங்க?" என்றாள் முபீனா.

"தனியாத்தான்."

"ஏன் பாதியில எந்திரிக்கல?"

"வெளிய மழை."

சொல்லிவிட்டாள். புருஷன், மாமியார் இருவரையும் ஒரே மூச்சில் இல்லை என்றாக்கிவிட்டாள். அதற்காகக் கூசியது உண்மை. ஆனால் ஒரு மட்டமான படத்தை மட்டமான படம் என்று வாய்விட்டுச் சொன்னது இனித்தது என்பதும் உண்மை.

கோச்சடைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முபீனா கேட்ட கேள்வி கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஏன் எழுந்து வரவில்லை?

எப்படி எழுந்து வர முடியும்? மலைச்சாமி ஊரான உசிலம்பட்டிப் பக்கத்துச் சனம் அந்தப் படத்தைப் படமாகவா நினைத்தது? விசேஷமாக அல்லவா நினைத்தது! ஒச்சாயி பத்திரிகையே அடித்துவிட்டாள். தாய்மாமன் பேர், சித்தப்பன் பேர் எல்லாம் போட்டு, ‘எங்கள் இல்லத் திரைப்படத்துக்கு வருக வருக’ என்று. இரண்டு வேனில் சொந்தக்காரர்கள் தேங்காய் பழத் தட்டோடு மதுரைக்கு வந்து இறங்கினார்கள். படம் முடிந்ததும் மலைச்சாமியும் ஆத்தாளும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி தியேட்டர் வாசலில் கைகூப்பி நின்றுகொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு விசேஷ வீட்டுக்காரனிடம் சாம்பாரில் உப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று, "ரொம்பத் திருப்தி மாப்ள", "ஒரு குறையுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள்.

வரிசையில் முதல் ஆள் பாண்டீஸ்வரிதான். மலைச்சாமி அவள் முகத்தையே பார்த்தான். அப்போது அவன் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை எப்பேர்ப்பட்ட கல்மனசும் தட்டிவிடாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க, யாரும் இப்படி எடுத்ததில்ல" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு இப்படிப் போய்விட்டதே என்ற அழுகை. அவன் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டான்.

படம் நாலு நாள் ஓடியது. அதற்கப்புறம் ஒன்பது வருஷமாக ரெண்டாவது படம் ஓடுகிறது, அவர்கள் வீட்டுக்குள்ளேயே. மாதம் ஒரு தடவை மலைச்சாமி கதை சொல்ல மெட்ராஸ் போவான். வந்து, "கேட்டிருக்காங்க, சொல்றேன்னாங்க" என்பான். பிள்ளை எப்போது என்று யாராவது கேட்டால், "ரெண்டாவது படம் முடியட்டும்" என்பான். அவளிடமும் அதையேதான் சொன்னான், ஆசையாகச் சொன்னான். "ஒரு படம் ஓடிரட்டும் ஈஸ்வரி, பெறகு புள்ள பெத்துக்கிருவோம்." முப்பத்திரண்டில் ஆரம்பித்துக் காத்திருந்தவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. ஒரு நாளைக்கு இருபது கர்ப்பிணிகளின் ரிப்போர்ட்டை டைப் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள்.

நாகமலைப் பக்கம் ஒரு காலேஜில் சினிமாப் பாடம் நடத்த ஆள் கேட்டு மலைச்சாமிக்குப் போன வாரம் போன் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கு முன்னாலும் இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். "டைரக்டரு வாத்தியாராப் போயிட்டா அப்பறம் எவன் கதை கேப்பான்? என் படத்தைப் புரிஞ்சது நீ ஒருத்திதான். நீயே போகச் சொல்லலாமா?" என்பான். அவள் வாயை மூடிக்கொள்வாள். இந்தத் தடவையும் மூடிக்கொண்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. படத்தைப் பற்றிய பொய்யை விட்டால்தான் அவன் வீட்டை விட்டு வேலைக்குப் போவான் என்று அவளுக்கு அன்றைக்கு உறுதியாகப் பட்டது. ஆபீசில் சொன்ன வாயால் வீட்டிலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினாள்.

மாடி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மலைச்சாமி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"செவக்காட்டு மின்னல் நல்லா இல்லங்க. நான் பொய் சொன்னேன். அது மட்டமான படம்."

அவன் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்து முறத்தில் போட்டான்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"மட்டம்னு தெரியும். இண்டர்வெல்லுலயே தெரிஞ்சுபோச்சு. புரொஜக்டர் ரூமுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஆபரேட்டரு என் மூஞ்சியப் பாக்கமாட்டேங்குறான்."

"பெறகு எதுக்குங்க இம்புட்டு வருசம்..."

"நீ வந்து கையப் புடிச்சு அழுதியே. மத்தவங்க பந்தியில சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ அழுத. சரி, இவ ஒருத்தி நம்புறா, இவகிட்டப் போயி நான் தோத்துட்டேன், வேற வேலைக்குப் போறேன்னு எப்படிச் சொல்ல? உன் மனசு ஒடஞ்சு போகும்னு இருந்துட்டேன்."

"அப்ப மெட்ராஸு?"

"முதல்ல ஒரு மூணு வருசம் நெசமாவே சொன்னேன். பெறகு எவனும் உள்ளயே விடல. போயி பீச்சுல உக்காந்துட்டுப் பஸ் ஏறி வந்துருவேன்."

பாண்டீஸ்வரிக்கு முறத்தைத் தூக்கி வீச வேண்டும் போல் இருந்தது. யார் மேல் வீசுவது என்றுதான் தெரியவில்லை. அவள் அவனுக்காகப் பொய் சொன்னாள், அவன் அவளுக்காகப் பொய் சொன்னான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக் காப்பாற்றி ஒன்பது வருஷத்தைக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். அவன்தான் முதலில் சிரித்தான்.

"எந்த சீனு உனக்கு ரொம்ப மட்டமாத் தெரிஞ்சுச்சு?"

"ஆடு."

"எடிட்டரு அன்னைக்கே வெட்டச் சொன்னாரு. கதை சொல்லும்போது உனக்குப் புடிச்சிருந்துச்சேன்னு நான்தான் வெட்டல."

"எனக்கு எங்க புடிச்சது? நீங்க அம்புட்டு ஆசையாச் சொன்னீங்கன்னு தலையாட்டினேன்."

அவன் வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, எரிச்சலில் இன்னும் அழுதுகொண்டே சிரித்தான். அவளும் அங்கேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டிலிருந்து ஆரம்பித்துப் பாட்டு, சண்டை, பதினோரு நிமிஷச் சாவு என்று ஒன்றையும் விடாமல் கிழித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொண்டது கிடையாது.

பிறகு மலைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "சார், மலைச்சாமி பேசுறேன். திங்கக்கெழம வாரேன் சார். ஆமா சார், நிச்சயமா வாரேன்." வைத்துவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட காரியம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டதைப் பார்த்து அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் தெளிந்திருந்தது. பத்து வயசு குறைந்தவன் மாதிரி இருந்தான்.

"இனிமே எதுக்குத் தள்ளிப்போடணும் ஈஸ்வரி? நமக்கும் ஒரு புள்ள பெத்துக்கிருவோம். இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. பெத்துக்கிருவோம்ல?"

போன சித்திரையில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. உண்டாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், டாக்டரம்மாவிடம் கெஞ்சித் தான் வேலை பார்க்கிற சென்டர் மேஜையிலேயே படுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். உண்டாகவும் இல்லை, இனி உண்டாகப் போவதும் இல்லை. கருமுட்டை வற்றிவிட்டது, நாலைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த ரிப்போர்ட்டையும் பாண்டீஸ்வரியேதான் டைப் அடித்தாள்.

மலைச்சாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘பெத்துக்கிருவோங்க’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லிப் பழகிய வாயல்லவா, சுலபமாக வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்லங்க. அது முடிஞ்சுபோச்சு. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டேன். இனிமே நமக்குப் பொறக்காது."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் முகத்தில் இருந்த தெளிவெல்லாம் வடிவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பப் பாத்த?"

"சித்திரையில. திருவிழா முடிஞ்ச வாரம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க பையத் தூக்கிக்கிட்டு மெட்ராஸுக்குக் கெளம்பிட்டு இருந்தீங்க. பெரிய கம்பெனியில கதை கேக்குறாங்க, இந்தத் தடவ நிச்சயம்னீங்க. போற நேரத்துல மனசு ஒடஞ்சு போவீங்கன்னு விட்டுட்டேன்."

மலைச்சாமி முறத்தைத் தன் பக்கம் இழுத்தான். உரித்த வெங்காயத்தையே மறுபடியும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கும் நான் பீச்சுலதான் இருந்தேன் ஈஸ்வரி," என்றான்.