மணிக்கு நேர் கீழே

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். பெரிய விஷயம் வருகிறது என்று அர்த்தம். வராதபோதும் செருமுவார், அது வேறு கதை.

"இந்தப் பள்ளிக்கூடம் ஒரு குடும்பம்மா" என்றார். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருத்தியை வெளியே அனுப்பத்தான் கூட்டமே.

எதிரே அந்தச் சிறுமியின் அம்மா, பேருந்து ஓட்டுநர் உடுப்பும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்திருந்தாள். மகளைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்ற அவளுடைய சம்மதம் வேண்டும். மகள் செய்த குற்றம்: மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறாள், கரும்பலகையில் ஒன்றிருந்தால் நோட்டில் வேறொன்றை எழுதுகிறாள்.

வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர் இரங்கல் கூட்டக் குரலில் ஆரம்பித்தார். "கர்ப்பமா இருந்தப்ப அபின் வகை வலி மாத்திரை எடுத்திருக்கீங்க. அதோட பாதிப்பு..."

"எடுத்தேன் மேடம். விபத்துல முதுகு போச்சு, ஆஸ்பத்திரியிலதான் குடுத்தாங்க. அப்புறம் விட முடியல. பிறந்ததும் இவ துடிச்ச துடிப்பைப் பக்கத்துலயே இருந்து பார்த்தேன். விட்டுட்டேன். இதைப் போற இடத்துலெல்லாம் அழுது சொல்லியாச்சு. இன்னைக்கு அழுகை வரல."

அறையில் லேசான ஏமாற்றம். கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியைப் புதிதாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

அம்மா தொடர்ந்தாள். "மாறுகண் இருக்கு. சத்தம் ஆகாது. கவனம் நிக்காது. எல்லாம் உண்மை. அதனாலதான் முன்னாடி உட்கார வையுங்கன்னு கேக்கறேன். நீங்க கடைசி வரிசையில, மணிக்கு நேர் கீழ வச்சிருக்கீங்க."

"உயர வரிசைம்மா! குள்ளமானவங்க முன்னாடி, வளர்ந்தவங்க பின்னாடி. பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச நாளா இதான் ஒழுங்கு. மணியெல்லாம் போகப்போகப் பழகிடும். அவகிட்டயும் தினம் இதைத்தான் சொல்றேன்."

நிபுணர் புருவத்தைச் சுருக்கினார். "பொதுவா இந்தக் குழந்தைங்க வளர்த்தி கம்மியா இருப்பாங்களே."

"இவ வளர்ந்துட்டா. அதுக்கும் மன்னிப்பு கேக்கணுமா மேடம்?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். நேராக வகுப்பறைக்குப் போனாள். பின்னாலேயே தலைமையாசிரியர், அவருக்குப் பின்னால் நிபுணர். சாக்பீஸும் கையுமாக ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார்.

"எழுந்திரு குட்டி. பையை எடுத்துக்க."

மேசையைத் தூக்கினாள். முதுகு சுள்ளென்றது. பழைய விருந்தாளி, இப்போதெல்லாம் மாத்திரை கொடுத்து உபசரிப்பதில்லை.

"ஐயோ, ஒட்டகச்சிவிங்கி முன்னாடி வருது! எங்களுக்கு மறைக்கும்!" என்றது ஒரு குரல்.

"சுவரோரமாத்தான் போடறேன், யாருக்கும் மறைக்காது. நகருங்க, நகருங்க, உள்ள எவ்வளவு இடம் இருக்கு!" பேருந்துக் குரலுக்கு வகுப்பே நகர்ந்து வழிவிட்டது.

காலியான இடத்தில் தலைமையாசிரியர் போய் நின்றுகொண்டார். "யாரைக் கேட்டு இதைப் பண்றீங்க? ஒழுங்குங்கறது இந்த நிறுவனத்தோட முதுகெலும்பு! ஒரு மேசை நகர்ந்தா நாளைக்கு..."

தலைக்கு மேலே மணி அலறியது.

தலைமையாசிரியர் துள்ளிக் காதைப் பொத்தினார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. முதுகெலும்பைப் பற்றிய மிச்ச வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சுவரோரத்தில் சிறுமியும் காதைப் பொத்தியிருந்தாள். ஆனால் மேசைக்கடியில் போகவில்லை. சத்தம் அடங்கியதும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கண் அவர்மேலும் ஒரு கண் சன்னல்மேலும் இருக்க, நிஜமான இரக்கத்தோடு சொன்னாள்:

"போகப்போகப் பழகிடும் சார்."

அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "சம்மதம் கிடையாது சார். மேசை இங்கதான் இருக்கும். நீங்க பின்னாடி தள்ளினா நான் மறுபடி வந்து தூக்குவேன். என் பஸ் இந்த வழியாத்தான் போகுது."