கண்ணீருக்கு மாற்றுப் பொருள்

நான் பிரஸ்ஸல்ஸில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் ஐரோப்பாவின் கண்ணீர் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்று உப்பு கொடுத்தது, மற்றது தண்ணீர் கொடுத்தது. இரண்டும் இணைய அனுமதி கேட்டபோது, ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை என்று சொல்லி அனுமதித்துவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை உச்சரிக்கக்கூட உரிமம் வாங்க வேண்டும். அவர்களுக்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை, அதனால் நிறுவனம் என்றே சொல்கிறேன்.

ஏகபோகத்தை உடைப்பது என் வேலை. விருதுநகரில் பருப்பு மண்டிக்காரர்கள் கூடி விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நாலு வியாபாரிகள் ஒரே மேசையில் அமைதியாக டீ குடித்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் வரும்.

மங்களேஸ்வரி அக்கா ஒரு மழைநாளில் என் அலுவலகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்துத் துறைமுக ஊர் ஒன்றில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கணவர் பரராஜசிங்கம் மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த ஊர் நகராட்சி, மனைவி அழுத பிறகுதான் கணவரின் உடலை ஒப்படைக்கும். அழுவதற்குக் கண்ணீர் வாங்க வேண்டும். அவர் இறந்த வாரம் பார்த்து நிறுவனம் விலையை ஏற்றிவிட்டது. கடையை விற்றாலும் கட்டுப்படியாகாது.

"எனக்கு அழவேணும், பிள்ளை," என்றார். "வேற ஒண்டும் வேண்டாம். அந்த மனுசன் ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிறார். குளிரெண்டா அவருக்குக் கண்ணிலயும் காட்டக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கை எடுத்துக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீலாக ஹென்ரிக் வந்தான். முந்தின வாரம் வரை என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு எங்கள் தொழிலில் பதவி உயர்வு என்று பெயர். கையைக் குலுக்கி என் உடல்நலம் விசாரித்தான். நானும் விசாரித்தேன்.

எங்கள் வழக்குகளில் முதல் கேள்வி எப்போதும், சந்தை எது என்பதுதான். காப்பி விலை கொஞ்சம் ஏறியதும் ஜனங்கள் டீக்குப் போய்விட்டால், காப்பியும் டீயும் ஒரே சந்தை. அப்புறம் ஊரிலுள்ள காப்பி முழுவதையும் ஒருவனே வைத்திருந்தாலும் அவன் ஏகபோகக்காரன் ஆகமாட்டான். டீதான் இருக்கிறதே. ஹென்ரிக் ஒரு பொருளாதார நிபுணரைக் கூண்டில் ஏற்றினான். அவர் சாவு வீடுகளில் ஆராய்ச்சி செய்தவர். கண்ணீர் விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தபோது ஜனங்கள் பெருமூச்சுக்கு மாறினார்கள் என்றார். இன்னும் கொஞ்சம் ஏற்றியபோது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆகவே கண்ணீர், பெருமூச்சு, சுவரைப் பார்ப்பது எல்லாம் ஒரே சந்தை என்றும், அதில் நிறுவனத்தின் பங்கு மிகச் சொற்பம் என்றும் சொல்லி இறங்கினார்.

நான் எழுந்தேன். வழியில்லாமல் போனவனை விரும்பிப் போனவன் என்று சொல்வது அயோக்கியத்தனம் என்றேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று தமிழிலேயே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடி அறைக்குள் இருந்து அதை எல்லா மொழிகளிலும் சொன்னார்கள். நீதிபதிகள் கூடிப் பேசி, இலுப்பைப்பூவின் சந்தைப் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. வழக்கை ஒத்திவைத்து, இலுப்பைப்பூவை விசாரிக்க ஒரு குழுவை அனுப்பினார்கள். குழு திரும்பி வந்து, பூ இனிப்பாகத்தான் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. நாங்கள் தோற்றோம்.

தோற்றதும் தீர்ப்பை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனோம். கண்ணீரும் பெருமூச்சும் ஒன்றுதான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. மங்களேஸ்வரி அக்கா கவுண்டர் முன்னால் நின்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். கவுண்டரிலிருந்த பெண் அதை முழுவதும் கேட்டாள். பிறகு, அந்தத் தீர்ப்பு வியாபாரத்துக்குத்தான் பொருந்தும், பிணவறைக்குப் பொருந்தாது என்றாள். விற்கும்போது இரண்டும் ஒன்று, கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டும் வேறு. வெட்கம் கெட்டவர்கள்.

நான் அமெரிக்காவுக்குப் போனேன். நிறுவனம் அங்கேயும் இருந்தது. வாஷிங்டனில் எனக்கு வேலை கிடைத்ததும் அக்காவைச் சாட்சியாக வரவழைத்தேன். ஹென்ரிக் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான்.

அமெரிக்காவில் கண்ணீர் இலவசம். தெருவுக்குத் தெரு குழாய் வைத்திருக்கிறார்கள். யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். அழுது முடித்ததும் அழுத காரணத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஜனங்கள் குழாயடியில் ஓவென்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாம் எதற்கு இங்கே வந்தோம் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

ஹென்ரிக் அக்காவுக்காக ஒரு குழாயைத் திறந்துவிட்டான். நகராட்சிக்கு அத்தாட்சியும் தருவதாகச் சொன்னான்.

அக்கா குழாயை மூடினார். "அழுது முடிச்சிட்டு, ஆரின்ர பிரேதம் எண்டு நான் உங்களிட்டயே கேட்கவோ, தம்பி? நாப்பது வருசம் நானும் அவரும் ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிச்சனாங்கள். அவரை நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

நான் அதை ஆங்கிலத்தில் ஹென்ரிக்கிடம் சொன்னேன். அவன் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டான்.

விலையே இல்லாத பொருளால் வாங்குகிறவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார் நீதிபதி. காரணம் போகிறதே என்றேன். காரணத்துக்குச் சந்தை விலை உண்டா என்றார். ஒரு பெண்ணிடம் செத்துப்போன புருஷனுக்குச் சந்தை விலை கேட்கிறார்கள், அதற்கு நான் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் ஆண்டில் ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தை உடைப்பது அங்கே வழக்கம். அந்த முறை கண்ணீரின் முறை. எங்கே உடைப்பது என்று பல மாதம் பேசினார்கள். பழையபடி உப்பு, தண்ணீர் என்று பிரிக்கலாம் என்றேன். அது காலாவதியான யோசனை என்றான் ஹென்ரிக். கடைசியில் மூக்குத்தண்டை எல்லையாக வைத்து உடைத்தார்கள். வலது கண் நிறுவனத்திடமே இருக்கும். இடது கண்ணால் அவரவர் இஷ்டம்போல் அழலாம், காரணத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவும் அதையே ஏற்றுக்கொண்டது.

பத்திரிகைகள் அதைப் பெரிய வெற்றி என்று எழுதின. எனக்கு விருது கொடுக்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. இரண்டு கண்ணும் அக்காவுடையவை. இதைச் சொல்ல இரண்டு கண்டங்களில் வாதாடியிருக்கிறேன்.

அக்காவும் நானும் மறுபடி நகராட்சிக்குப் போனோம். கவுண்டர் முன்னால் நின்று அக்கா இடது கண்ணால் அழுதார். வருஷக்கணக்காக அடக்கி வைத்தது, சீக்கிரம் நிற்கவில்லை. நிறுவனத்தின் கண்காணிப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்று, மூக்கைத் தாண்டப் பார்த்த துளிகளைப் பஞ்சால் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். கவுண்டர்ப் பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போய், பரராஜசிங்கத்தின் இடது பாதியைக் கொண்டுவந்து ஒப்படைத்தாள். மற்றதற்கு வலது கண்ணும் அழுத பிறகு வரச் சொன்னாள்.

கைக்கடிகாரம் கட்டிய கை இந்தப் பாதியில் வந்திருந்தது. அக்கா அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார்.

"மற்றப் பாதியையும் விடமாட்டன், பிள்ளை," என்றார். "நாளைக்கே வழக்குப் போடு."

போடுகிறேன் என்றேன்.

மூவரும் ட்ராமில் திரும்பினோம். டிக்கெட் பரிசோதகர் வந்ததும் மூன்று டிக்கெட்டுகளையும் காட்டினேன். அவர் பரராஜசிங்கத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு அரை டிக்கெட் போதும் என்று மீதிச் சில்லறையைத் திருப்பித் தந்தார். அடுத்த வளைவில் ட்ராம் திரும்பியது. அக்கா எழுந்து, கணவரின் வலப்புறம் மாறி உட்கார்ந்து, அவர் சரிந்துவிடாமல் தோள் கொடுத்தார்.