வெண்ணெய் வாத்து

வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு ஸ்வீடனில் ‘ஸ்மோர்கோஸ்’ என்று பெயர். ஸ்மோர் என்றால் வெண்ணெய், கோஸ் என்றால் வாத்து. ரொட்டிக்கு எதற்கு வாத்து? லுண்ட் நகரத்து அகராதி அலுவலகத்தில் அன்று காலை இதுதான் தகராறு. பன்னிரண்டு மணிக்கு அந்தச் சொல் வரும் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

வாத்துக் கொழுப்பைத் தடவித் தின்றதால் வந்த பெயர் என்று டாக்டர் ஓசியான் வென்னர்கிரேன் எழுதிவிட்டார். உதவியாளர் ஆல்ஃபில்ட் புரோடின் வேறு விளக்கம் எழுதித் தந்த சீட்டை ஓரமாகத் தள்ளினார். அவளுக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை, இன்றோடு முடிகிறது. சீட்டில் அவர் கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வடக்கே அப்பாவின் மாட்டுக் கொட்டகைதான்.

நேருக்கு நேர் பேசினாலும் ‘நீங்கள்’ என்று சொல்லாமல் பட்டத்தைச் சொல்லிப் பேசுவதுதான் அப்போது அங்கே மரியாதை.

“மோர்ல வாத்து மிதக்குதுன்னு மிஸ் புரோடின் எழுதியிருக்காங்க. எந்தப் புத்தகத்துல இருக்காம்?” என்று அவளிடமே கேட்டார் டாக்டர்.

“டாக்டர் எப்பவாச்சும் வெண்ணெய் கடைஞ்சு பாத்திருக்காரா?”

அறையே அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் அசரவில்லை. பத்து மணிக் காப்பிக்கு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தே ஆக வேண்டும், யாரும் தப்ப முடியாது. இதற்காகவே பாலாடை நிரப்பிய கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்திருந்தாள். குலுக்கினாள், குலுக்கினாள், கை ஓய்ந்துபோனது. ஒன்றும் திரளவில்லை.

“மிஸ் புரோடினோட வாத்து இன்னும் முட்டைக்குள்ளயே இருக்கு போல!” என்றார் டாக்டர்.

பனி உறைந்த ஜன்னலோரம் ஜாடியை வைத்துச் சில்லிட விட்டது தன் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது. எல்லோர் முன்னாலும் அதைக் கம்பளிச் சட்டைக்குள் திணித்து, அணைத்தபடி நிதானமாகக் காப்பி குடித்தாள். பிறகு மறுபடி குலுக்கினாள். சளக் சளக் என்ற சத்தம் கனத்தது. மூடியைத் திறந்தாள். மோர்மேல் வெளுத்த கட்டிகள் முதுகு காட்டி மிதந்தன.

“எங்க ஊர்ல இதத்தான் வாத்துங்கறோம். அத எடுத்து ரொட்டியில வெச்சா ஸ்மோர்கோஸ். பேரு இங்கேருந்து வந்தது, டாக்டர்.”

டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்துத் தான் எழுதியதைக் குறுக்கே அடித்தார். ஒரு கட்டியை எடுத்து ரொட்டியில் தடவிக் கடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

“இனிமே பட்டமெல்லாம் வேண்டாம். நான் ஓசியான். நீ ஆல்ஃபில்ட்.”

அவள் கையைக் குலுக்கினாள். அப்படியே சீட்டை அவர்முன் நகர்த்தினாள்.

“சரி ஓசியான். மொதல்ல கையெழுத்துப் போடு, அப்புறம் தின்னு.”