இஸ்மாயில் பாய்க்காகக் கேட்ட மன்னிப்பு

சந்தூக்குப் பெட்டியின் முன்கொம்பை இம்தியாஸ் மாமா வந்து தோளில் வாங்கிக்கொண்டதும் ஹுமாயூனுக்குக் கால் தடுமாறியது. அடுத்த கொம்பு இவன் தோளில் இருந்தது. உள்ளே வெள்ளைத் துணி சுற்றிப் படுத்திருந்த அத்தாவுக்குத் தெரிந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"மெதுவா மாப்ள, மேடு வருது," என்றார் மாமா. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

முந்தின நாள் கடலூர் ஆஸ்பத்திரியில், மூக்கை மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, முஹம்மது இஸ்மாயில் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, இறந்தவர் சார்பில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

"ஊர்ல யாருகிட்ட வேணா கேளு. உங்க மாமன்கிட்ட மட்டும் எனக்காக கேக்காத. அவன் மன்னிச்சு நான் போற எடம் எனக்கு வேணாம்."

ஹுமாயூன் சரி என்று தலையாட்டினான். சாகக் கிடக்கிறவரிடம் வேறு எப்படி ஆட்டுவது.

சிதம்பரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இஸ்மாயிலுக்குச் சட்டை தைக்கும் யூனிட் இருந்தது. தைத்ததெல்லாம் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த மச்சான் இம்தியாஸின் மொத்தக் கடைக்குப் போகும். இஸ்மாயில் கட்டியது அவர் தங்கையைத்தான். கொடுக்கல் வாங்கலில் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிறகு அண்டை நாடுகளெல்லாம் எங்கேயோ ஏசி ரூமில் கூடி, வங்கதேசத்திலிருந்து வருகிற ரெடிமேடுக்கு இனி வரி கிடையாது என்று ஒப்பந்தம் போட்டன. போட்டவர்களில் ஒருவரும் ஆயுளில் பித்தான் தைத்தவராக இருந்திருக்க மாட்டார். அங்கே தைத்துக் கப்பலேறி வந்த சட்டையின் விலைக்கு இங்கே ஈரோட்டில் துணிகூட வாங்க முடியவில்லை. இம்தியாஸ் கொஞ்ச நாள் தயங்கினார். அப்புறம் அந்தச் சட்டைகளை இறக்கும் கொல்கத்தா பார்ட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

"நான் வாங்கலன்னா பக்கத்துக் கடக்காரன் வாங்கப் போறான், மச்சான்," என்றார். அது பொய்யும் இல்லை.

இஸ்மாயில் அந்தச் சட்டை ஒன்றை உள்பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு. இத தச்சவளுக்கு என்னத்த குடுத்திருப்பானுவளோ," என்றார். அதோடு மச்சானிடம் பேச்சை நிறுத்தினார். யூனிட்டை மூடிவிட்டு செம்மங்குப்பத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அம்மா மெகருன்னிசா அண்ணனிடம் போய் நின்று ஹுமாயூனுக்கு அதே கடையில் வேலை வாங்கினாள். அந்தச் சம்பளத்தில் வந்த அரிசியை அத்தா சாப்பிட்டார். அதைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறந்ததில்லை.

இன்று காலை அத்தாவின் மய்யித்தைக் குளிப்பாட்டி முடித்ததும் அம்மா இவனைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"அவுரு கோவத்துல சொன்னாரு. நீ பள்ளிவாசல்ல எதுனா பேசி அண்ணன் மனச நோவ வெச்சிடாத. நாளைக்கு நாம எங்க போய் நிக்கிறது."

ஹுமாயூன் அவளிடமும் தலையாட்டினான்.

பள்ளிவாசலில் வரிசைகள் நின்றதும் தொழவைக்கும் ஹஜ்ரத் மைக்கை நீட்டினார். ஹுமாயூன் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை யோசித்துக்கொண்டு வந்திருந்தான். குடும்பத்துக்குள்ளே இருப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வெளியில் உள்ளவர்கள் அத்தாவை மன்னித்துவிடுங்கள். அவ்வளவுதான். யார் மனமும் கோணாது, அத்தா சொல்லும் காப்பாற்றப்பட்டுவிடும். முதல் வரிசையில் மாமா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகை நிஜம்தான். ஒரே தட்டில் சாப்பிட்ட மச்சான்மார்கள்.

"எங்க அத்தா யாரு மனசயாவது நோவ வெச்சிருந்தா," என்று ஆரம்பித்தான் ஹுமாயூன். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அடுப்பு, அம்மா, மாதம் பிறந்தால் வரும் சம்பளம் எல்லாம் கூடவே வந்தன. "எல்லாரும் அவுரப் பொருந்திக்கங்க."

எல்லாரும் என்று சொல்லிவிட்டான்.

"நான் பொருந்திக்கிட்டேன். முழு மனசோட," என்று முதல் குரல் மாமாவிடமிருந்து வந்தது. இழந்தவனை எடுத்துக்கொண்டவன் மன்னித்தாயிற்று. பின்னாலிருந்து மற்றவர்களும் சொன்னார்கள். ஹுமாயூனுக்குத் தன் மீதே காறித் துப்பலாம் போலிருந்தது.

அடக்கம் முடிந்து, பள்ளிவாசலை ஒட்டிய கபர்ஸ்தானிலிருந்து வெளியே வந்தபோது, கேட்டை ஒட்டிய சுவரோரம் பூவம்மாள் நின்றிருந்தாள். யூனிட் தொடங்கிய நாளிலிருந்து மெஷினில் உட்கார்ந்தவள். கூட வேலை பார்த்த இன்னும் சில பெண்கள் தள்ளி நின்றார்கள். மய்யித்து உள்ளே போனதிலிருந்து வெயிலில்தான் நின்றிருக்கிறார்கள்.

"மைக்ல ஒங்க மாமா மன்னிச்சேன்னு சொன்னது வெளிய கேட்டுச்சு தம்பி," என்றாள் பூவம்மாள். "பாய் அவருக்கு என்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்பறம்?"

"அது ஒரு வழக்கம்க்கா. அத்தாவால கஷ்டப்பட்டவங்க யாருனா இருந்தா, அவுங்ககிட்ட கேட்டுட்டுதான் அடக்கம் பண்ணுவோம்."

பூவம்மாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொங்கல் லீவு முடிஞ்சு வந்தோம். பூட்டு தொங்குச்சு. அத்தன பொம்பளைங்களும் சோத்து டப்பாவோட மத்தியானம் வரைக்கும் வாசப்படியில உக்காந்திருந்தோம். போன் போட்டா பாய் எடுக்கல. ஒடம்புக்கு முடியலியோன்னு நான் வேற வேண்டிக்கிட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "தொழில் நொடிச்சதுக்கு அவுரு என்னா பண்ணுவாரு. ஒரு வார்த்த சொல்லிட்டு மூடியிருக்கலாம்."

அந்த நாளை ஹுமாயூன் அறிவான். லால்பேட்டையில் சின்னம்மா வீட்டில் அத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஒருமுறை முனகினார்.

"எங்ககிட்ட யாரும் கேக்கல தம்பி," என்றாள் பூவம்மாள்.

ஹுமாயூன் வாயைத் திறந்தான். மற்ற பெண்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"மாப்ள," என்று காருக்குள்ளிருந்து மாமா கூப்பிட்டார். "ஏறு. வீட்ல அம்மா தனியா இருக்கு. கடைக்கு மூணாம் நாள் முடிச்சிட்டு வந்தா போதும், லோடு அதுக்கப்புறந்தான் எறங்குது."

"இதோ மாமா," என்றான் ஹுமாயூன்.

அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். சந்து குறுகல். கார் திரும்புவதற்கு இடம் விட்டுப் பூவம்மாள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டி நின்றாள்.