ராட்சதனுக்கு எதிரே அக்கா

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கதை எழுத நான் உட்காரவே இல்லை. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தை நடத்துகிறவர்களுக்கு அரைப்பக்கம் ஆலோசனை கேட்டிருந்தார்கள். ‘ஆட்டத்தை நடத்துபவர் எப்போதும்’ என்று தொடங்கினேன். எப்போதும் என்ன? தெரியவில்லை. அந்த இடைவெளியில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

2.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நடத்துபவன் அவன்தான். மலை, மழை, ராட்சதன் எல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். எதிரே மச்சான், போர்வீரன் (நிஜத்தில் பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிறவர்). மாடிவீட்டு நர்ஸ், மந்திரக்காரி. அப்புறம் மச்சானின் மனைவி, இவனுடைய அக்கா. அவள் தூதுவர்.

அக்காவுக்குப் பேச்சு திக்கும். (தூதுவர் வேடத்தை அவளே கேட்டு வாங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் வரும்வரை பொறுத்திருப்பேனா என்று என்மேலேயே சந்தேகம்.) அவள் முறை வரும்போதெல்லாம் தம்பியே சொல்லிவிடுவான், “அக்கா பின்னால நின்னு காவல் காக்குறா.” பாசத்தில்தான்.

3.

‘கணவாயின் குளிர்ந்த இருளில்’... வேண்டாம். நேராகவே வருகிறேன். ராட்சதனின் ஒரு கையில் போர்வீரன், மறுகையில் மந்திரக்காரி. பிடி இறுகினால் இத்தனை மாத ஆட்டமும் அதோடு சரி. வெளியே நிற்பது தூதுவர் மட்டும்.

“இப்ப அக்கா முறை. அவ பாறைக்குப் பின்னால...”

“இல்ல,” என்றாள் அக்கா. “நா... நான் அதுகிட்ட பே... பேசப்போறேன்.”

மச்சான் உதவிக்கு வாயெடுத்தார். நர்ஸ் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் மெக்கானிக் முதலில் சொல்வது, “கதவை இழுக்காதீங்க, நான் வரேன்” என்பதைத்தான். இத்தனை மாதமாக அக்கா விஷயத்தில் கதவை இழுத்துக்கொண்டிருந்தது தானேதான் என்பது அவனுக்கு இப்போது உறைத்தது. குரலைத் தாழ்த்தி ராட்சதனாகப் பேசினான்.

“சொல்லு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. இந்த மலையோட பொறந்தவன் நான்.”

அவ்வளவு பெரிய உருவம் ஒருத்தியின் வார்த்தைக்காகக் குனிந்து காத்திருக்கிறது. எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. சாப்பாட்டு மேசை, நாலு நாற்காலி, ஒரு பகடை. இதிலிருந்து எப்படி இது எழுந்து வந்தது? நான் வரவழைக்கவில்லை, சத்தியமாக.

4.

முடிவுகள் கைவசம் உண்டு. அவள் பேசி முடிக்கிறாள், பகடையில் பெரிய எண் விழுகிறது, கைகள் விரிகின்றன. அல்லது சின்ன எண் விழுகிறது, பிடி இறுகுகிறது. ஆட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. அல்லது தம்பி பகடையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு

இல்லை. எதை எழுதினாலும் அவளுக்காக நான் பேசியதாகிவிடும்.

ஆகவே நீங்கள் வந்து உட்காருங்கள், ராட்சதன் இனி நீங்கள்தான். அக்கா முகத்தை நிமிர்த்திவிட்டாள்.

“உ... உன்கிட்ட நான் கே... கேக்குறது ஒ...”

அடுத்த வார்த்தை உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தாலும் சொல்லாதீர்கள். அவள் இன்னும் முடிக்கவில்லை.